புட்டி டின் மேல் நித்தியா

நித்தியாவின் வீட்டுக் காருக்குப் பூசணி என்று பெயர். மோரிஸ் மைனர் என்பதுதான் அதன் நிஜப் பெயர். வெளிர்பச்சை நிறமும் உருண்டை உடம்புமாக இருந்ததால், தம்பி சரண் பேசப் பழகிய நாளிலேயே அதைப் பூசணி ஆக்கிவிட்டான். அப்பா சோமுவுக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு அவரே, "இன்னிக்கிப் பூசணி ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

பூசணிக்கு அப்பாவைவிட வயது அதிகம். வளைவில் திரும்பும்போது அதற்கு விளக்கு மினுக்கத் தெரியாது. கதவுக்குப் பக்கத்துத் தூணிலிருந்து, திரும்பும் பக்கத்தைக் காட்ட, ஒரு சின்னத் தகரக் கை வெளியே நீளும். சில நாள் அந்தக் கை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உடனே பின் இருக்கையிலிருந்து நித்தியா அந்தத் தூணில் ஒரு தட்டு தட்டுவாள். கை டக்கென்று வெளியே வந்துவிடும்.

நித்தியாவுக்குப் பதினொரு வயது. அந்தத் தட்டு வீட்டில் வேறு யாருக்கும் கைவரவில்லை. அப்பா தட்டினாலும் வராது. இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே!

பூசணிக்கு ஒரே ஒரு குறைதான். பின்பக்கம் வலது சக்கரத்தின் மேல் வளைந்து நிற்கும் தகரத்துக்கு மட்கார்டு என்று பெயர். அது காரின் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு விரிசல்.

அந்த விரிசலைக் கண்டாலே அப்பாவுக்கு ஆகாது. உடனே திலீப் மாமாவைக் கூப்பிடுவார். மாமா அம்மாவின் தம்பி. கோலா சிலாங்கூரில் கார் பட்டறை வைத்திருக்கிறார். அவர் வந்து, தகரத்தில் ஓட்டை அடைக்கும் புட்டியைக் குழைத்து அப்புவார். அது காய்ந்து கல்லாக இறுகியதும் தேய்த்து, மேலே சாயம் அடிப்பார். இணைப்பு இருந்த இடமே தெரியாது. அப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்துப் பூரித்துப்போவார்.

ஒரு மாதம் போனால் விரிசல் பழையபடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

அவர்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்து ஆட்கள் சும்மா விடுவார்களா?

"என்னா சோமு, ஒன் பூசணி பழுத்து வெடிச்சிருச்சா?" என்று கேட்பார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிடும்.

மூன்றாவது முறை வெடித்தபோது அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சனிக்கெழமை திலீப்ப வரச் சொல்லியிருக்கேன். இதான் கடைசிப் புட்டி. திரும்ப வெடிச்சா பெசி புரோக்தான்."

பெசி புரோக் என்றால் பழைய இரும்பு. அதை வாங்கிப் போக காளியண்ணன் என்பவர் லோரியில் வருவார். அந்த லோரியில் ஏறிய எந்தக் காரும் திரும்பி வந்ததில்லை.

நித்தியா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

அந்த வாரம்தான் ஆயுத பூசை வந்தது. தோட்டத்துக் கோயில் முன்னால் மோட்டார் சைக்கிள், லோரி, டிராக்டர் எல்லாம் குளித்து மாலை போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. பூசணியும் நின்றது.

அம்மா சந்தனக் கிண்ணத்தைச் சரணிடம் கொடுத்தது தப்பு. அவனுக்கு ஆறு வயது. பொட்டு வைப்பதெல்லாம் அவனுக்குப் பிடிக்காது. உள்ளங்கை நிறையச் சந்தனத்தை அள்ளிக் கதவில் ஓர் அப்பு அப்பினான். வலது மட்கார்டுக்கும் உடம்புக்கும் நடுவில், சரியாக இணைப்பின் மேலேயே, இன்னோர் அப்பு.

"டேய், காடிக்குச் சந்தனம் வைக்கிறியா, செவுருக்குச் சிமெண்டு பூசுறியா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அந்த வீட்டில் காரைக் காடி என்றுதான் சொல்வார்கள்.

மறுநாள் எல்லாரும் மீன் வாங்க சுங்கை செம்பிலாங் போய் வந்தார்கள். தோட்டத்துக்குள் வரும் செம்மண் சாலை குண்டும் குழியுமாக இருக்கும். பூசணி குலுங்கிக் குலுங்கி வீட்டு வாசலில் வந்து நின்றது.

இறங்கிய நித்தியா சட்டென்று குனிந்தாள்.

கதவில் இருந்த சந்தனம் அப்படியே இருந்தது. மட்கார்டில் இருந்த சந்தனம் மட்டும் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவு இணைப்பின் மேலேயே நேராக ஓடியது.

அவள் மட்கார்டை இரண்டு கையாலும் அழுத்தி விட்டாள். கொஞ்சம் சந்தனத் தூள் உதிர்ந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி உதிர்ந்தது.

"இது அசையுது!" என்றாள்.

"என்னா அசையுது?" என்றான் சரண்.

"மட்கார்டு. அது வேற தகரம்டா. திருகாணி போட்டு முடுக்கி வச்சிருக்காங்க. காடி குலுங்கினா இதுவும் தனியா குலுங்குது. புட்டிதான் கல்லு மாதிரி இருக்கே, அது எப்படிக் கூட அசையும்? வெடிக்கத்தான் செய்யும்."

அவள் காரைச் சுற்றி இடது பக்கம் ஓடினாள். அங்கேயும் அதே மாதிரி மட்கார்டுதான், அதே குழிகளில்தான் அதுவும் குலுங்கி வந்தது. ஆனால் விரிசல் இல்லை. இணைப்பின் மேல் ஒரு மெல்லிய வரப்பு மட்டும் மேலிருந்து கீழ்வரை ஓடியது. நகத்தால் அழுத்திப் பார்த்தாள். சாயத்துக்கு அடியில் அது மெத்தென்று இருந்தது.

இதை எங்கேயோ தொட்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

சனிக்கிழமை காலை மாமா வந்துவிட்டார். தேய்க்கும் இயந்திரத்தால் பழைய புட்டியை எல்லாம் எடுத்தார். வெள்ளைத் தூள் பறந்து அவர் மீசை நரைத்துப்போனது. பிறகு புட்டி டின்னின் மூடியை நெம்பித் திறந்தார்.

"மாமா, புட்டி வேணாம்" என்றாள் நித்தியா.

"ஏன் மருமகளே, சாக்லேட்டு பூசலாமா?"

"அது அசையுது மாமா. திரும்ப வெடிக்கும். வெடிச்சா அப்பா பூசணிய லோரில ஏத்திருவாரு."

"இந்தத் தடவ தடிப்பா போட்டுர்றேன். எப்படி வெடிக்கும்னு பாப்போம்" என்று மாமா கரண்டியைக் கையில் எடுத்தார்.

இனிப் பேசிப் பயனில்லை என்று நித்தியாவுக்குப் புரிந்தது. டின்னை இழுத்தாள், மூடியைக் கோணலாக வைத்தாள், அதன் மேல் ஏறி அழுத்தமாக உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், எறங்கு!" என்றார் மாமா.

"மாட்டேன்."

"அக்கா! ஒன் மவ என் டின் மேல குந்திக்கிட்டா!"

அம்மா தையல் மெஷினை விட்டு வெளியே வந்தார். அப்பாவும் வந்தார். பக்கத்து வீட்டுக் கோழிகள்கூட வந்து பார்த்துவிட்டுப் போயின.

"நித்தியா, எந்திரி" என்றார் அப்பா.

"மாட்டேன்பா. மூணு தடவ புட்டி போட்டாச்சு. மூணு தடவையும் வெடிச்சிருச்சு. நாலாவது தடவ மட்டும் எப்படி ஒட்டும்?" அவள் டின்னை விட்டு எழுந்திருக்கவில்லை. "சந்தனத்தப் பாருங்க. கதவுல அப்படியே இருந்திச்சு. இங்க மட்டும் பொளந்துருச்சு."

"சந்தனம் காஞ்சா எங்க வேணும்னாலும் வெடிக்கும். புட்டியும் வேணாங்குற, வேற வழியும் சொல்ல மாட்டேங்குற." அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கைப்பேசியை எடுத்தார். "காளியண்ணே? சோமு பேசறேன். நாளைக்கி நம்ம வீட்டுக்கு லோரியக் கொண்டாங்க. ஆமாண்ணே, பூசணிதான்."

நித்தியா டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பூசணியைக் காப்பாற்ற உட்கார்ந்தால் லோரி நாளைக்கே வருகிறதே! கண்ணில் நீர் முட்டியது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அழுதால் டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

"சரண்!" என்று கத்தினாள். "பட்டம் ஒட்ற பசையும் பழைய பேப்பரும் எடுத்தா!"

சரண் பறந்து போய் எடுத்து வந்தான். நித்தியா டின்னில் உட்கார்ந்தபடியே உத்தரவு போட்டாள். இணைப்பின் மேல் ஒரு தாள் துண்டு. கதவில் ஒன்று. கூரையில் ஒன்று. கூரை சரணுக்கு எட்டவில்லை. மாமாதான் முணுமுணுத்துக்கொண்டே ஒட்டிவிட்டார்.

பசை காய்ந்ததும் நித்தியா அப்பாவைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவ செம்மண் ரோட்டுல ஓட்டிட்டு வாங்கப்பா. மூணு பேப்பரும் கிழியாம இருந்தா நான் எந்திரிச்சிர்றேன். மாமா இஷ்டத்துக்குப் புட்டி போடட்டும்."

அப்பாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சாவியை எடுத்தார். நித்தியாவும் காரில் ஏறினாள். புட்டி டின்னை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"அதுவும் வருதா?" என்றார் மாமா.

"ஒங்கள நம்ப முடியாது" என்றாள் நித்தியா.

செம்பனை மரங்களுக்கு நடுவே பூசணி ஒரு குழி விடாமல் ஏறி இறங்கியது. வீட்டுக்குத் திரும்பியதும் எல்லாரும் இறங்கிப் பார்த்தார்கள். கதவுத் தாள் அப்படியே இருந்தது. கூரைத் தாளும் அப்படியே. இணைப்பின் மேல் இருந்த தாள் நடுவில் கிழிந்து, இரண்டு பாதியும் ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன.

"காத்துல கிழிஞ்சிருக்கும்லா" என்றார் மாமா, கொஞ்சம் மெதுவாக.

"கூரைக்கு மேல காத்து அடிக்கலையா மாமா?"

மாமா காருக்குப் பக்கத்தில் குனிந்தார். பிறகு மட்கார்டின் மேல் கை வைத்து, தானே ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"மச்சான், இது அசையத்தான் செய்யுது" என்றார். "என் பட்டறைக்கு வர்றதெல்லாம் புதுக் காடி. அதுல இந்த எடத்துல இணைப்பே கெடயாது. அதே பழக்கத்துல நானும் புட்டிய அப்பிட்டேன்."

"சரி, அசையுது. அதுக்கு என்னா செய்யறது? பொளந்த வாயோடயே ஓட்டச் சொல்றீங்களா?" என்றார் அப்பா.

நித்தியா சுற்றுமுற்றும் பார்த்தபடி டின்னும் கையுமாக நின்றாள். வாசலில் அம்மா தைத்து முடித்துப் போட்டிருந்த சோபா மெத்தை கிடந்தது. அம்மா ஊருக்கெல்லாம் சோபா உறை தைத்துக் கொடுப்பவர். மெத்தையின் ஓரத்தில், இரண்டு துணிகள் சேரும் இடத்தில், கயிறு மாதிரி உருண்டையாக ஒரு பட்டி ஓடியது.

நித்தியா அதைத் தொட்டாள். அழுத்தினாள். மெத்தென்று இருந்தது.

"அம்மா! இங்க வாங்கம்மா!"

அவள் அம்மாவை இழுத்துக்கொண்டு பூசணியின் இடது பக்கம் ஓடினாள். அம்மாவின் விரலைப் பிடித்து அந்த வரப்பின் மேல் வைத்தாள். அம்மா தடவிப் பார்த்தார். ஊசி பிடித்த விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"அடடே, இது ஓரப்பட்டி இல்ல? ரெண்டுக்கும் நடுவுல சொருகி வச்சிருக்காங்க."

"இந்தப் பக்கம் பட்டி இருக்கு, வெடிக்கல. அந்தப் பக்கம் யாரோ கழட்டிட்டு மாட்டறப்ப பட்டிய விட்டுட்டாங்க. நாம ஓட்டைன்னு நெனச்சிப் புட்டி போட்டுட்டோம்!" நித்தியா மூச்சு விடாமல் சொன்னாள். "மெத்தைக்கி வைக்கிற மாதிரி வச்சா, மட்கார்டு அது பாட்டுக்கு அசையும். ஒண்ணும் வெடிக்காது."

"ரெக்சின்ல செஞ்ச பட்டி எங்கிட்ட ஒரு சுருள் இருக்கு. பச்சையே இருக்கு" என்றார் அம்மா.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா நெற்றியைத் தேய்த்தார்.

"பட்டி வச்சா கோடு தெரியுமே. வழவழன்னு இருக்காதே. ஆளுங்க கேப்பாங்க."

நித்தியாவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"கேக்கட்டுமேப்பா! தெரிஞ்சா தெரியட்டும்! நாலு பேரு கேப்பாங்கன்னு நம்ம பூசணிய நசுக்கக் குடுப்பீங்களா? கோடு இருந்தா அது என்னா அசிங்கமா? அது அப்படிச் செஞ்ச காடிப்பா!"

அப்பா மகளைப் பார்த்தார். அவள் இடுப்பை விட்டு இறங்காத அந்த டின்னைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"நாளைக்கி லோரி வரும். அதுக்குள்ள முடிங்க. முடிஞ்சா பாப்போம்."

அவ்வளவுதான். வீடே பட்டறையாக மாறியது.

மாமா துருப்பிடித்த ஆணிகளுக்கு எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். மட்கார்டு தனியாக வந்ததும் உள்ளிருந்து செம்மண்ணும் காய்ந்த இலையும் கொட்டின. புட்டிக்கு அடியில் மழைத் தண்ணீர் தேங்கித் தேங்கி, ஓரம் முழுவதும் துரு.

"மேல வழவழன்னு இருந்திச்சு, உள்ள பாரு" என்று மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நித்தியாவும் சரணும் மணல்தாளால் துருவைத் தேய்த்தார்கள். சரண் தன் முழங்காலையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டான். மாமா ஓரத்துக்குத் துரு பிடிக்காத சாயம் அடித்து வைத்தார். பிறகு மட்கார்டுக்குப் பச்சைச் சாயமும் அடித்தார். அது காயும் வரை அம்மா பட்டியை அளந்தார். ஆணிகள் வரும் இடங்களில் பட்டியின் உள்பக்கத்தை நித்தியா கத்தரியால் சின்னச் சின்னதாக வெட்டிவிட்டாள். அப்போதுதான் ஆணி மாட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டினார்கள். முதல் தடவை மாமா அவசரப்பட்டு ஓர் ஆணியை முழுவதும் முடுக்கிவிட்டார். பட்டி ஒரு பக்கம் உள்ளே போய், மறுபக்கம் புழு மாதிரி நெளிந்தது.

"கழட்டுங்க மாமா" என்றாள் நித்தியா.

"யாரு கண்ணுல படப்போவுது?"

நித்தியா திரும்பிப் புட்டி டின்னைப் பார்த்தாள். மாமா உடனே கழற்றினார்.

இந்தத் தடவை நித்தியா பட்டியைத் தன் விரல்களால் நேராகப் பிடித்துக்கொண்டாள். மாமா எல்லா ஆணியையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி முடுக்கினார். கடைசியில் சக்கரத்துக்கு மேலே, உள்பக்கம் படுத்துக்கொண்டு, ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும் சீலரை இணைப்பு முழுவதும் பூசினார். இனி தண்ணீர் உள்ளே போகாது.

அவர் கையைத் துடைப்பதற்குள் தெருமுனையில் ஒலிபெருக்கி கேட்டது.

"பெசி புரோக்! பழைய பேப்பர்! பழைய பேட்டரி!"

காளியண்ணனின் லோரி பூசணிக்குப் பின்னாலேயே வந்து நின்றது. காளியண்ணன் இறங்கினார். நல்ல உயரம், அதற்கேற்ற பருமன். பூசணியைக் கண்ணாலேயே நிறுத்துப் பார்த்தார்.

நித்தியா காருக்கும் லோரிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். சரணும் ஓடிவந்து அக்காவின் பக்கத்தில் நின்றான்.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றார் அப்பா. "ஒரு சுத்துப் போய்ட்டு வந்துர்றேன்."

"நானும் வர்றேன்லா. கடைசியா ஒரு சவாரி" என்று காளியண்ணன் முன் இருக்கையில் ஏறினார். பூசணி அந்தப் பக்கம் அப்படியே சாய்ந்தது.

பின்னால் மாமா, நித்தியா, சரண். அப்பா இரக்கமே இல்லாமல் ஓட்டினார். ஒவ்வொரு குழியிலும் காளியண்ணனின் தலை கூரையில் இடித்தது. தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் பூசணி இறங்கி, செம்மண் சேற்றை வாரி அடித்துக்கொண்டு ஏறியது. சந்து திரும்பும்போது சின்னக் கை வெளியே வரவில்லை. நித்தியா தூணில் ஒரு தட்டு தட்டினாள். டக்!

வீடு வந்ததும் அப்பா முதல் ஆளாக இறங்கினார். ஒரு வாளித் தண்ணீரை மட்கார்டின் மேல் ஊற்றிச் சேற்றைக் கழுவினார். பச்சைப் பட்டி மேலிருந்து கீழ்வரை கோணாமல் நெளியாமல் இருந்தது. மட்கார்டை அழுத்தினார். அது லேசாக அசைந்தது. பட்டி அதோடு அசைந்து, மறுபடி தன் இடத்துக்கு வந்தது. காரின் பின்பக்கப் பெட்டியைத் திறந்து கையை விட்டுத் துழாவினார். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அப்பா அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"என்னா சோமு, கோடு நல்லாத் தெரியுதே?" என்றார் காளியண்ணன், தலையைத் தடவிக்கொண்டே.

நித்தியா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியட்டும்லா" என்றார் அப்பா. "அது அப்படிச் செஞ்ச காடி. பெசி புரோக்குக்கு இல்லண்ணே. போய்ட்டு வாங்க."

சரண் குதித்த குதியில் கோழிகள் சிதறி ஓடின. மாமா அப்பாவின் முதுகில் தட்டினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

"அது சரி, இவ்வளவு தூரம் வந்துட்டேன். என்னை வெறுங்கையோடவா அனுப்பறீங்க?" என்றார் காளியண்ணன்.

"ஒரு நிமிசம்ணே!" என்று நித்தியா புட்டி டின் கிடந்த மூலைக்கு ஓடினாள். கோணல் மூடியோடு இரவெல்லாம் கிடந்ததில் டின்னுக்குள் இருந்த மிச்சப் புட்டி இறுகிப்போயிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்ததில் மூடியும் நடுவில் குழிந்துவிட்டது.

அவள் அதை இரண்டு கையாலும் தூக்கி லோரியின் பின்னால் போட்டாள். டங் என்று ஒரு சத்தம்.

"இந்தாங்கண்ணே, ஒங்க பெசி புரோக்!"